நாடாவுக்குக் கீழே

படர்தாமரை என்று பெயர் வைத்தவனுக்கு
அரித்திருக்காது.
குளமில்லை, மொட்டில்லை.
பாவாடை நாடா இறுகும் இடத்தில்
ஒரு ரூபாய்க் காசு அளவில் வந்து குந்தியது,
போன வருஷம் முதல் மழையோடு.

மான்கூர்டில் எங்கள் கொடியில்
ஜூன் தொடங்கி செப்டம்பர்வரை
எதுவும் முழுசாய்க் காய்வதில்லை.
காயாததை உடுத்தி
குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்கா போய்
அடுத்தவர் கல்யாணத்துக்குச்
சேலை விரித்துக் காட்டுவது என் வேலை.

தோளில் போட்டுக் காட்டு என்பார்கள், போடுவேன்.
கொசுவம் வைத்துக் காட்டு என்பார்கள்.
இடுப்பில் செருகுகிற அந்த நொடிக்காகத்தான்
காலையிலிருந்து காத்திருப்பேன்.
நகம் தானாக இறங்கி
ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மேலே வரும்.
யாரும் பார்ப்பதில்லை.
கண்ணாடியில் எல்லோரும்
சரிகையைத்தான் பார்க்கிறார்கள்.
ஒருத்தி
தாமரை போட்ட பார்டர் இருக்கிறதா என்று கேட்டாள்.
சிரித்துவிட்டேன்.
முதலாளி முறைத்தார்.

முதலில் மெடிக்கல் கடைக்காரர் ஒரு ட்யூப் தந்தார்.
எழுபது ரூபாய்.
மூன்றே நாளில் இருந்த இடம் தெரியவில்லை.
அவர் கடைக்கே போய்
இரண்டு மைசூர்பாகு கொடுத்துவிட்டு வந்தேன்.
ட்யூப் தீர்ந்த வாரம்
வளையத்துக்கு வெளியே இன்னொரு வளையம்.
தொடையில் ஒன்று.
கை எட்டாத முதுகில், வேண்டுமென்றே, ஒன்று.

சயான் ஆஸ்பத்திரியில்
பிளேடு முனையால் செதிலைச் சுரண்டி
கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்த பெண் டாக்டர்
காலி ட்யூபைத் தூக்கிக் காட்டினாள்.
"இதுதான் அதற்குச் சோறு போட்டது."
இப்போது மருந்துக்கெல்லாம் பழகிவிட்டதாம் அது.
இந்த ஊருக்கு வந்து பதினொரு வருஷம்,
நானே இன்னும் பழகவில்லை
என்று சொல்ல வாய் வந்தது.
மராத்தியில் வரவில்லை.

எட்டு வாரம் மாத்திரை.
தனிச் சோப்பு, தனித் துண்டு.
உள்ளாடையைத் தையல் தையலாய் இஸ்திரி போடு என்றாள்.
ராத்திரி பதினொன்றரை மணிக்கு
நாடாவைத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை
எதிர் ஜன்னல் பாத்திமா பார்த்துவிட்டு
"நாளைக்கு என்ன விசேஷம்?" என்கிறாள்.

ஒன்பதாவது வாரம் திரும்ப வந்தது.

சொறிகிற சுகத்தை யாரும் ஒத்துக்கொள்வதில்லை.
நான் ஒத்துக்கொள்கிறேன்.
சீப்பின் முதுகால், சாவியின் பல்லால்,
கதவு நிலையின் விளிம்பில் முதுகைத் தேய்த்து,
மாட்டைப் போல, கண் சொருகி.
இந்த ஒரு வருஷத்தில்
அதைவிடப் பெரிய சந்தோஷம்
எனக்கு வேறு கிடைக்கவில்லை.
ரத்தம் தெரிந்த பிறகுதான்
வெட்கம் வரும்.

பாயைத் தள்ளிப் போட்டது நான்தான்.
ஏன் என்று இசக்கிமுத்து கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
பத்துக்குப் பத்து அறையில்
அவன் ஒரு ஊரிலும் நான் ஒரு ஊரிலும் படுத்திருந்தோம்.

நேற்று இருட்டில் ஒரு சத்தம்.
எலியில்லை.
சற்று நின்று, திரும்பத் தொடங்கி,
யாருக்கும் கேட்கக் கூடாதென்று மெதுவாய்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?
வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று
ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கேட்டிருந்தார்கள்.
இல்லை என்று நானேதான் சொல்லியிருந்தேன்.

களிம்பைத் தேடி எடுத்தேன். விளக்குப் போடவில்லை.
"கையைத் தூக்கு."
தூங்குகிறவன் மாதிரியே தூக்கினான்.
அக்குளில் விரலுக்கு அதன் ஓரம் தட்டுப்பட்டது,
சொரசொரவென்று,
என்னுடையதைவிடப் பழசு.
யாரிடமிருந்து யாருக்கு என்று
அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காயட்டுமென்று கையைத் தூக்கியபடியே கிடந்தான்,
ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கிறவன் மாதிரி.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
கொடியில் துணி கிடந்தது.
எனக்கும் அரித்தது.
கொஞ்ச நேரம் பொறுத்தேன்.
அப்புறம் சொறிந்தேன்.