பக்கத்தில் நிற்பதற்கு

சம்பூர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில்
நேற்றிரவு நான் ஓர் எழுதுவினைஞன்.
ஒட்டுமீசை, அண்ணனின் நீளக்கைச் சட்டை,
முன்னால் ‘மேசை இல. 4’ என்றொரு மட்டை.
“நாளைக்கு வாங்கோ” என்பதைப்
பதினான்கு விதமாகச் சொல்வேன்.
ஒவ்வொன்றுக்கும் சனம் சிரிக்கும்.
பன்னிரண்டாவதுக்கு மட்டும்
ஒரு கிழமை பழகினேன்:
வாயால் சொல்லாமல்
கொட்டாவியால் சொல்வது.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி சிரிக்கவில்லை.
முந்நூறு வாய் திறந்திருந்தாலும்
மூடிய ஒன்றிலேயே போய் நிற்கும்
நடிக்கிறவளின் கண்.

தேங்காயெண்ணெய் பூசி
மீசையை உரித்துக்கொண்டிருக்கும்போது வந்தாள்.
“அந்தாளை எங்க கண்டனீங்கள்?”
“ஒருத்தரையும் காணேல்லை. யோசிச்சுச் செய்தது.”
“இல்லை.
விசிறியைத் தன்ர பக்கம் மட்டும் திருப்பி வைப்பார்.
நீங்கள் அதையும் செய்தனீங்கள்.”

பெயர் யோகமலர்.
அரை ஏக்கர் காணி, ஒரு கிணறு,
பதினொரு வருசமாய் வராத ஒரு கடதாசி.
“நாளைக்குக் கச்சேரிக்குப் போறன். கூட வாங்கோ.”
எனக்குச் சட்டம் தெரியாது என்றேன்.
“சட்டம் எனக்குத் தெரியும்.
நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ. காணும்.”

கிண்ணியாப் பாலம் கடக்கையில்
பஸ்ஸுக்குள் உப்புக்காற்று.
மடியில் கோப்பை வைத்துக்கொண்டு அவள் நித்திரை.
நான் வசனம் கட்டினேன்:
ஐயா, இந்த மக்களின் கண்ணீர்…
சீ.
இது போன நாடகத்து வசனம்.

திருகோணமலையில் இறங்கினால்
பஸ் நிலையச் சுவரோரம் ஒரு மான்
எங்கள் நாடக நோட்டீசை உரித்துத் தின்றுகொண்டிருந்தது.
என் பெயர் போய்விட்டது.
‘அனுமதி இலவசம்’ மிஞ்சியிருந்தது.

உண்மையான நான்காம் மேசையில்
மீசை இல்லை.
முப்பது வயதுப் பெடியன், ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.
கண்ணாடிக்கு அடியில்
பிள்ளை கீறிய ஓர் ஊதா நிற யானை.
இவனை வைத்தா முந்நூறு பேரைச் சிரிக்க வைத்தேன்?
விசிறியைப் பார்த்தேன்.
விசிறி மட்டும் சரியாக இருந்தது.

யோகமலர் தொடங்கினாள்.
கடதாசியைப் பார்க்காமலே
திகதி திகதியாய்ச் சொன்னாள்.
எந்த வருசம் எந்த அதிகாரி மாறிப்போனார்,
எந்த மழைக்கு எந்த எல்லைக்கல் புதைந்தது,
எந்தப் புதன்கிழமை அவளை
மேல்மாடிக்கு அனுப்பி
மேல்மாடி திரும்பக் கீழே அனுப்பியது.
நான் கட்டிவந்த வசனத்துக்கு
அதற்குள் ஓர் இடமும் இருக்கவில்லை.

அவன் வீங்கிய கன்னத்தைத் தடவினான்.
அவன் வாய் திறக்க முன்னமே
என் உதடு அசைந்துவிட்டது, பழக்கதோசம்:
நாளைக்கு…
சத்தமில்லை. ஆனால் அவன் கண்டுவிட்டான்.
என்னைப் பார்த்தான்.
“உங்களை எங்கயோ…” என்று இழுத்து நிறுத்தினான்.
சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.
விசிறியைக் கொஞ்சம்,
ஒரு சாண்கூட இராது,
எங்கள் பக்கம் திருப்பினான்.

கடதாசிகள் பறந்தன.
பாய்ந்து கையை வைத்து அமத்தினேன்.
ஒப்பம் வைக்கும் வரைக்கும்
அப்படியே நின்றேன், பாரக்கல்லாக.
பதினாறு வருச மேடையில்
கைதட்டு வாங்காத ஒரே நிலை அது.

கோப்பு இனி ஏழாம் மேசைக்குப் போகும்.
அங்கே யார் இருக்கிறார்களோ.

வெளியே பிளேன்டீக்கு அவள்தான் காசு கொடுத்தாள்.
கோப்பையை ஊதி ஊதி,
“நாடகம் நல்லம்” என்றாள், முதல் தடவையாக.
“ஆனா அந்தாளுக்கு ஒரு பல்வலி குடுங்கோ.
சனம் அப்பவும் சிரிக்கும்.
ஆனா வேற மாதிரி.”

சனிக்கிழமை நிலாவெளியில் அடுத்த மேடை.
பன்னிரண்டாவது கொட்டாவியை எடுத்துவிட்டேன்.
கன்னத்துக்குள் வைக்க
ஒரு துண்டு பஞ்சு தேடிக்கொண்டிருக்கிறேன்.