பதினான்கு புள்ளி எட்டு

திரையில் அந்த எண்ணைக் கண்டதும்
"பார், ஒன்றும் ஆகவில்லை" என்றாய், ஹேமிங்.
சற்றுமுன்தான்
கடலோரப் பாறையில் மோதி
நான்கு விசிறிகளில் இரண்டை உதிர்த்துப்
புல்சரிவில் உருண்டு கிடந்தது டிரோன்.
ஆடுகள் வந்து முகர்ந்தன,
தின்ன முடியாதென்று தெரிந்ததும்
திரும்பிக்கொண்டன.

பதினான்கு புள்ளி எட்டு வோல்ட்.
கூட்டுத்தொகை மழுப்பும், ஹேமிங்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
லித்தியத்திடம் செல்லாது,
நான்கு பருக்கையையும் நசுக்கிப் பார்க்கவேண்டும்.
படகுக் கொட்டகை மேசையில்
ஐந்து கம்பி சேர்ந்த வெள்ளை முனையைச்
சோதிப்பானில் செருகினேன்.
மூன்று எட்டு இரண்டு.
மூன்று எட்டு ஒன்று.
மூன்று மூன்று ஆறு.
மூன்று எட்டு ஒன்று.

காபி ஆறுவதற்குள்
மூன்றாவது செல், மூன்று மூன்று மூன்று.
நீ கையுறையை அடுப்பருகே உலர்த்தி முடிக்கையில்
மூன்று இரண்டு ஒன்பது.
யாரும் குடிக்காமலே
குறைந்துகொண்டிருந்தது குவளை.
உள்ளே எங்கோ,
வெங்காயத் தோலினும் மெல்லிய தாளில்
பாறை தன் நகத்தைப் பதித்திருக்கிறது.

மணல் வாளியில் புதைத்து
வெளியே கருங்கல் மேல் வைத்தேன்.
நீ ஒன்றும் சொல்லவில்லை.
வானொலி சொல்லிக்கொண்டிருந்தது,
நாளைக் காலை வடக்குத் தீவுகளில் காற்றிருக்காது.
கிளாக்ஸ்விக்கில் அப்படியொரு காலை
ஒரு குளிர்காலத்தில் எத்தனை முறை வரும்
என்று விரல் மடக்கினாய்.
ஒரு கையே போதுமாயிருந்தது.

இரவு இரண்டே முக்காலுக்கு
பக்கத்து அறையில் என்னை எழுப்பியது
ஓர் இனிப்பு வாசனை.
நகப்பூச்சில் பேரிக்காய் பிழிந்ததுபோல்.
சத்தமில்லை, புகையில்லை.
மேல்தளத்தில் பில்லாவும்
பதினோரு வாரக் குழந்தையும்.

மர மேசையில் சார்ஜர் பச்சையாய் விழித்திருந்தது.
கொட்டகையின் குளிரில்
வாளியிலிருந்து எடுத்த ஈரமணல்கூடத் துடைக்காமல்
இரண்டு தடித்த கம்பியை மட்டும் மாட்டியிருந்தாய்.
வெள்ளை முனை அனாதையாய்த் தொங்கியது.
முதலில் அதையும் மாட்டிப் பார்த்திருப்பாய்,
சார்ஜர் மறுத்திருக்கும்.
பிறகு
கணக்குப்பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுக்
கல்லாவைத் திறந்துவிட்டாய்.
இளைத்தவன் ஏற்க முடியாத பங்கையும்
மற்ற மூவர் தலையில் கட்டி
நாலு புள்ளி மூன்றையும் தாண்டி.

சுவர் இணைப்பைப் பிடுங்கினேன்.
ஆழ்கடலிலிருந்து சட்டென்று ஏற்றிய மீனின்
காற்றுப்பையாய் உப்பியிருந்ததைப்
பனி அள்ளும் மண்வாரியில் ஏந்தி,
கை நீளத்தை அன்றுதான் முதல்முறை
போதாதென்று உணர்ந்தபடி
நடந்தேன்.
பதினேழு அடி.
நீ கதவருகே, உள்ளாடை மேல் மழைக்கோட்டுடன்,
"தூரி" என்றாய்,
அப்புறம் எதுவும் வரவில்லை உனக்கு.

விடியும்வரை தள்ளி நின்றே பார்த்திருந்தோம்.
வெடிக்கவில்லை.
மேலே ஒருமுறை விளக்கெரிந்தது,
குழந்தை அழுதது, பால் குடித்தது,
விளக்கணைந்தது.
அவ்வளவுதான் அன்றிரவின் செய்தி.

காற்றில்லாத காலை
சொன்னபடியே வந்தது.
புகைபோக்கிகள் நேர்கோடு போட்டுப் பழகின.
வளைகுடாவில் மலை தலைகீழாய், அலுங்காமல்.
தகரப் பெட்டியில் இன்னும் மூன்று பாட்டரிகள்
செல்லுக்கு மூன்று எட்டு வீதம்
பழுதின்றித் தூங்கிக்கொண்டிருந்தன.
அறைச்சூட்டில் வைத்து
ஒரு மணிநேரம் ஏற்றினால் போதும்.
நேற்றே கேட்டிருக்கலாம் நீ.
நேற்றே சொல்லியிருக்கலாம் நானும்.

இருவருமே பெட்டியைத் திறக்கவில்லை.
நீ குறிப்பேட்டை எடுத்தாய்,
இத்தனை நாள் நான் மட்டுமே எழுதியதை.
தேதி. காற்று, இல்லை. பறந்தது, இல்லை.
நான்காம் எண் பாட்டரி, மணலில்.
செல் ஒன்று, செல் இரண்டு,
என்னைக் கேட்டுக் கேட்டு நேற்றைய அளவுகள்.
மூன்றாவது கட்டத்தில்
எண் எழுதாமல்
பேனாவை வெகுநேரம் ஊன்றியிருந்தாய்.
அந்த மை
அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.