மஞ்சள் கரு

“அர்த்தனாரி... அர்த்தனாரி யாருங்க?”
சேலம் ஜி.எச்., பதினாலாம் நம்பர் அறை வாசலில்
நாங்கள் இரண்டு பேருமே எழுந்தோம்.
சாப்பிட்ட பின் முந்நூற்றுப் பன்னிரண்டு.
மாத்திரையோடு ஒரு காகிதமும் கொடுத்தார்கள்.

ஓட்ஸ். பாதாம் ஆறு. ஆப்பிள் பாதி.
ஆலிவ் எண்ணெய், ப்ரக்கோலி.
எல்லாவற்றுக்கும் எதிரே சிரிக்கிற முகம்,
அரிசிக்கு மட்டும் அழுகிற முகம்.

எங்களுக்குச் சும்மா வருவது அது ஒன்றுதான்.
மாதம் இருபது கிலோ. கட்டைவிரல் வைத்தால் போதும்.

வாடகை, கேஸ், மகளின் டைப்ரைட்டிங் ஃபீஸ் போக
வாய்க்கும் வயிற்றுக்கும் வாரம் அறுநூறு நிற்கும்.
கொலுசுக்கு வளையம் கோக்கிற கை என்னுடையது,
ஒரு கிராம் சேதாரத்துக்கும் கணக்குச் சொல்லிப் பழகியது.
அந்தக் கையால்தான் பேனாவை எடுத்தேன்.

ஓட்ஸை அடித்துவிட்டுக் கம்பு என்று எழுதினேன்.
பாதாமுக்கு வேர்க்கடலை, அவித்தது, ஒரு பிடி;
பிடி என்றால் அவர் பிடி இல்லை, என் பிடி.
ஆப்பிள் கொய்யாவாயிற்று.
ப்ரக்கோலியை மகள் போனில் காட்டினாள்,
காலிஃபிளவருக்குப் பாசி பிடித்த மாதிரி இருந்தது.
முருங்கைக்கீரை, கரண்ட் ஆபீஸ் காம்பவுண்டு, காசில்லை
என்று விலாசத்தோடு எழுதினேன்.
ஆலிவுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.
இருக்கிற கடலை எண்ணெயில் இரண்டு ஸ்பூன் குறைத்துக்கொண்டேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை,
அதனால் தாதகாப்பட்டி உழவர் சந்தைக்கு நான் மட்டும்.
விடிகாலையில் போனால் பலகையில் எழுதிய விலை.
பதினோரு மணிக்கு, ஊர் பஸ் வருகிற நேரத்துக்குப் போனால்
அவர்கள் பார்ப்பது பலகையை அல்ல, கடிகாரத்தை.
“சொரக்காயத் தூக்கிட்டுப் போ தாயி,
திரும்பச் சுமக்க முடியாது.”
மலையிலிருந்து இறங்கிய சௌசௌ நான்கு, இருபது ரூபாய்.
அடிபட்ட தக்காளியில் அடிபடாத பாதி.
மாதம் ஒருமுறை மேட்டூர் ஜிலேபி மீன்,
தலையும் சேர்த்துத்தான் எடை.

அவர் பட்ட பாடு வேறு.
களி தொண்டையில் நின்றது.
கொள்ளு ரசத்தை மூக்கைப் பிடித்துக் குடித்தார்.
செவ்வாப்பேட்டையில் பாலிஷ் வேலை முடிந்து வருகிற வழியெல்லாம்
தட்டுவடை செட் வண்டிகள்.
ஒரு சனிக்கிழமை ஒத்துக்கொண்டார்:
“அதுலயும் பீட்ரூட்டு, கேரட்டு இருக்குல்ல?”
இருக்கிறது. நானும் மறுக்கவில்லை.

காகிதத்தில் நான் கைவைக்காமல் விட்டது ஒரே வரி.
முட்டை: வெள்ளை மட்டும். மஞ்சள் தவிர்க்கவும்.
மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முட்டை உண்டு.
எங்களுக்கு ஆளுக்கொன்று கட்டாது.
வெள்ளையை நூலால் சுற்றிக் கீறி
அவர் வைத்துக்கொண்டார்,
மஞ்சள் என் தட்டுக்கு உருண்டது.
வெள்ளிப் பட்டறைக்காரர் வீட்டில்
தினம் ஒரு குண்டுமணித் தங்கம் என்று சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் நூற்றுத் தொண்ணூறு.
அன்றைக்கு எனக்குப் பட்டறையில் லீவு இல்லை,
தனியாகத்தான் போய்வந்தார்.
புதுக் காகிதம் ஏதும் கொடுத்தார்களா என்றேன்.
“பழையபடியேதான். மஞ்சள் மட்டும் ஆகவே ஆகாதாம்.”

ஞாயிறு துவைக்கும்போது
சட்டைப் பையில் பாதி கூழாகி இருந்தது அது.
துவைக்கிற கல்லில் விரித்தேன்.
முட்டை ஒன்று, முழுதாக
என்று மை கசிந்தும் படிக்க முடிந்தது.
சிரிக்கிற முகம்கூட இருந்தது.

போன வருஷம் பட்டறைக்கு வந்த ரத்தப் பரிசோதனை முகாமில்
எனக்கு எட்டு என்றார்கள்.
வந்து சொன்னபோது டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.
காதில் விழவில்லை என்றுதான் இருந்தேன்.

காகிதம் காய்ந்ததும் மடித்து
அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.
ராத்திரி நூலை எடுத்தார்.
மஞ்சள் உருண்டு வந்தது.
“மொளவு தூவட்டுமா?”
கொஞ்சம், என்றேன்.