இடது ஓரம்

முழங்கால் தசைநார் அறுந்த மறுவாரம்
கேமராவைக் கையில் கொடுத்தார்கள்.
ஆட முடியாதவளுக்கும் ஒரு வேலை வேண்டுமே.
சிசிமியுத் அரங்கின் மேல்மாடத்தில்
காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு
பந்து போன இடமெல்லாம் நானும் போனேன்.
ஹேண்ட்பாலில் வேறு எதைப் பார்ப்பது?

ஞாயிறு மாலை, உடைமாற்றும் அறைச் சுவரில்
படுக்கை விரிப்பு ஒன்றை ஒட்டி
எங்கள் தோல்வியை ஓட்டினோம்.
இலுலிசாத் இருபத்து நான்கு, நாங்கள் பதினேழு.
வெளியே பனியில் சங்கிலி நாய்களின் ஊளை.
உள்ளே பிசின் நெடி, ஈரக் காலுறைகள்,
கைமாறிக் கைமாறிப் போகும்
உலர்ந்த மீன் பொட்டலம்.

பயிற்சியாளர் பனேராக்
பகலில் இறால் ஆலையில் நிற்பவள்.
ஓடும் பட்டையில் உடைந்ததை மட்டும் பொறுக்கிப் பழகிய கண்.
விரிப்பையும் அப்படித்தான் பார்த்தாள்.
நிறுத்து, என்றாள்.
பின்னால் ஓட்டு. இன்னும்.
வலைக்குள் போன பந்து
வெளியே வந்து இவாலுவின் கையில் ஒட்டிக்கொண்டது.
விழுந்தவள் முதுகை முன்னே விட்டு எழுந்தாள்.
"பிப்பலுக் எங்கே?"

எண்ணினோம். ஐந்து பேர்.
இன்னொரு முறை எண்ணினோம். அதே ஐந்து.
பிப்பலுக் பெஞ்சின் கோடியில்
கட்டிய காலணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
"இடது ஓரத்தில் நின்றேன்" என்றாள்.
யாரும் மறுக்கவில்லை.
மறுக்க யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை
ஆசியாத் பெண்கள் கப்பலிலிருந்து இறங்கி வந்தார்கள்,
இரண்டு பேருக்கு இன்னும் குமட்டல்.
பனேராக் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:
"பந்தை விடு. அவளைப் பிடி."

இரண்டு பாதியும்
பந்தில்லாத ஒருத்தியைப் படமெடுத்தேன்.
கூச்சல் ஒரு பக்கம் வெடிக்கும்,
கழுத்து அந்தப் பக்கம் இழுக்கும்.
கோல் விழும் சத்தத்தைக் காதால் மட்டும் வாங்குவது
பசித்தவள் தட்டுக்கு முதுகு காட்டி உட்கார்வது.

விரிப்பில் அது ஓடியபோது முதலில் சிரித்தார்கள்.
வெறும் ஆள் ஓடுகிறாள்,
வெறும் ஆள் நிற்கிறாள்,
மூலையிலிருந்து ஒரு வெட்டு,
காவலுக்கு நின்றவள் தடுமாற
முன்னால் ஒரு ஆள் அகலத்துக்கு வெளி.
கை மேலே போகிறது.
பந்து வரவில்லை. திரும்பிப் போய் நிற்கிறாள்.
மீண்டும் ஒரு வெட்டு, மீண்டும் கை.
யாரோ எண்ணத் தொடங்க
சிரிப்பு எங்கே நின்றதென்று தெரியவில்லை.
ஏழாவது முறை
கை தோளுக்கு மேல் எழவில்லை.
பதினோராவது முறை
இடுப்பருகே விரல்கள் மட்டும் விரிந்தன,
மழை நின்றுவிட்டதா என்று பார்ப்பதைப் போல.

"நான் பார்க்கவே இல்லை" என்றாள் இவாலு.
உண்மைதான். அவள் பார்க்கவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
என் கால் நன்றாயிருந்த நாளின் ஆட்டம் ஒன்றைத் தேடினேன்.
யாருடைய அப்பாவோ
கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டுக்
காபி குடிக்கப் போயிருந்தார்.
அவர் புண்ணியத்தில் மொத்தத் தரையும் படத்தில்.
பதினான்காம் எண், நான்.
இடது ஓரத்தில் கை எழுகிறது, முழு நீளத்துக்கு.
கால் வேகத்தில் ஓட்டினேன்.
என் முகம் அந்தப் பக்கம் திரும்புகிறது.
நிற்கிறது.
பிறகு நானே எறிகிறேன், கம்பத்தில்.

இவாலு பார்க்கவில்லை.
நான் பார்த்திருக்கிறேன்.

அழித்துவிடலாம். ஒரு பொத்தான்.
விரல் அதன்மேல் எவ்வளவு நேரம் இருந்ததென்று
எந்தக் கேமராவிலும் இல்லை.

ஞாயிறன்று அதையும் ஓட்டினேன்.
பனேராக் நிறுத்து என்று சொல்லவில்லை. நானே நிறுத்தினேன்,
என் முகம் திரும்பியிருந்த இடத்தில்.
ஹீட்டர் மட்டும் டிக் டிக்கென்றது.

"தெரியும்" என்றாள் பிப்பலுக்.
"நான் அங்கேதானே நின்றேன்."

பிறகு மீன் பொட்டலத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை எறிந்தாள், அறையின் அந்த மூலையிலிருந்து.
நேராக என் மார்புக்கு வந்தது.