கீழ் இடது மூலை

விடியுமுன் நான்கு மணி நேரம் ஏறி
இந்தப் பாறையின் மடியில் ஒடுங்கியிருக்கிறேன்.
கேமராவின் பேட்டரிகள் இரண்டும் அக்குளில்.
அடைகாக்கும் கோழிக்கும் எனக்கும்
இப்போது பெரிய வித்தியாசமில்லை.

கீழே லிங்கென் ஃபியோர்டு.
கறுத்த தண்ணீர், ஒரு மீன்படகு,
அதன் பின்னால் விரிந்து கலையும் வெள்ளைக் கோடு.
எதிரே முகடு.
முகட்டில் ஒரு மஞ்சள் புள்ளி,
அது யூரிட்.
மஞ்சள் அவள் தேர்ந்த நிறமல்ல.
சட்டை விற்கும் நிறுவனத்துக்கு
இந்த ஆண்டு மஞ்சள் பிடித்திருக்கிறது.
போன ஆண்டு ஆரஞ்சு.

"வெளிச்சம்?" என்கிறது வாக்கிடாக்கி.
"ஒளிந்திருக்கிறது" என்கிறேன்.

இந்தச் சரிவு ஒருமுறைதான் கிடைக்கும்.
ஒரு தடம் விழுந்துவிட்டால்
அடுத்த பனிப்பொழிவு வரை
யாரோ எழுதிவிட்ட காகிதம் அது.
ஆகவே காத்திருக்கிறோம்,
அவள் அங்கே, நான் இங்கே,
நடுவில் ஒன்றுமே எழுதாத வெள்ளை.

கால்விரல்கள் முதலில் வலிக்கும்.
பிறகு வலிக்காது.
வலிக்காதபோதுதான் பயப்பட வேண்டும்.
யோசனை எங்கெங்கோ போகிறது:
ட்ரொம்சோ வங்கிக்குக் கட்டவேண்டிய தவணை.
இந்த நீள லென்ஸில்
முன்கண்ணாடி மட்டும்தான் இதுவரை என் சொத்து,
மீதி வங்கியுடையது.

நேற்று எய்லிஃப் பனியில் குழி வெட்டிப் பார்த்தான்.
முழங்கை ஆழத்தில்
சர்க்கரைபோல் உதிரும் ஓர் அடுக்கு.
உள்ளங்கையில் வைத்து ஊதினான்.
"வலப்பக்கம் போகாதே" என்றான் அவளிடம்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
வலப்பக்கம்தான் படத்துக்கு அழகு என்பது
எனக்குத் தெரியும் என்று
அவனுக்குத் தெரியும்.

மேகம் கிழிந்தது.
கிழிந்தது வலப்பக்கம்.
வெயில் அங்கே மட்டும்,
ஒரு மேசைவிரிப்பு அளவுக்கு.

"எங்கே இறங்கட்டும்?"

பொத்தானின்மேல் என் பெருவிரல்.
ஒரே ஒரு சொல் போதும்.
கேட்பாள்.
நான் அங்கே என்ற இடத்தில்
பதினோரு ஆண்டுகளாகத் திரும்பியிருக்கிறாள்,
ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.
எய்லிஃபின் குரலும் குறுக்கே வரவில்லை.
அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"இடது" என்றேன்.
நிழலுக்குள்.

மூன்று, இரண்டு,
பிறகு மஞ்சள் புள்ளி சாய்ந்தது.
நான்கு விநாடி, எண்பது படம்.
நீலநிழலில் அவள் சீவிவிட்ட பனித்தூள்
மேலே எழும்பி
நிழலின் விளிம்பைத் தாண்டி
வெயிலை ஒருகணம் தொட்டுவிட்டு விழுந்தது.
அதை நான் திட்டமிட்டேன் என்று
பின்னாளில் எங்காவது சொல்வேன்.

வலப்பக்கம் மதியம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
சரியவே இல்லை.
ஒரு பிடி பனிகூட.
அது அப்படி அமைதியாகக் கிடந்ததில்
எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இரவு குடிசையில் மீன்சூப்.
யூரிட் கேட்டாள்:
"வெயில் அந்தப் பக்கம் இருந்ததே?"
"லென்ஸில் பனி மூடிவிட்டது" என்றேன்.
எய்லிஃப் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான்.

பத்து நாள் கழித்து
ஒஸ்லோவிலிருந்து ராக்ன்வால் எழுதினான்.
படம் பிரமாதமாம்.
அட்டையில் போடுகிறார்களாம்.
ஒரே ஒரு சின்ன வேலை:
கீழ் இடது மூலையில்
வளைந்து வளைந்து ஏறும் ஒரு கோடு,
கண்ணை உறுத்துகிறது,
அழித்துவிட முடியுமா?

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இருட்டில் நான் ஏறிவந்த தடம்.
ஓரிடத்தில் ஒரு பள்ளம்,
மூச்சு வாங்கி உட்கார்ந்த இடம்.
அதைத் தாண்டிக் கோடு கொஞ்சம் கோணல்,
முழங்கால் மக்கர் செய்ததால்.

அழித்தேன்.
பக்கத்துப் பனியைக் கிள்ளி எடுத்து
மேலே மேலே அப்பி,
இப்போது அங்கே யாரும் ஏறவில்லை.

ஒன்பது நிமிடம் ஆனது.
பில்லில் அதைச் சேர்க்கலாமா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.