பயத்தின் கம்பி

பணகுடிக்கு மேற்கே நாற்பத்தேழாம் நம்பர் காற்றாடியில்
மாசி மாசம் ஸ்பானர் நழுவி
இடது மணிக்கட்டு நசுங்கியது.
எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை
என்றார் வள்ளியூர் டாக்டர்.
அந்த ஒன்றுமில்லாத இடம்தான் எரிந்தது.

ஆனி பிறந்தது. கணவாய் வழியே காற்று இறங்கியது.
காற்று பட்டால் வலிக்கிறதென்று
காற்றாடிக்காரன் யாரிடம் போய்ச் சொல்ல?
சட்டைக்கையை இறக்கினால் துணி சுடும்.
ராத்திரி, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள்
கையைப் படுக்கவைத்துத்
தூங்கினேன்.

ஒருநாள் யாரும் தொடவில்லை. ஃபேன்கூட ஓடவில்லை.
கம்பெனியிலிருந்து போன், அவ்வளவுதான்.
கை வேர்த்தது, சில்லிட்டது,
கத்தரிக்காய் நிறமானது,
பிறகு தீ.
“ஏல, போனு காதுலதான கேக்கு,
கையில என்னத்துக்குல வலிக்கி?”
செல்வின் கேலி பண்ணவில்லை. நிஜமாகவே கேட்டான்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷமீமா
மருந்துச்சீட்டின் பின்னால் இரண்டு கோடு இழுத்தார்.
இது பயத்தின் கம்பி. பாம்பைக் கண்டால்
வேர்வைக்கும் ரத்தக்குழாய்க்கும் சேதி சொல்லும்.
இது வலியின் கம்பி. சூடு, குத்து, நசுங்கல்,
இவைதான் அதற்குக் கேட்கும்.
ஒரே தோலுக்குள் அடுத்தடுத்த வீடு,
நல்ல நாளில் பேச்சுவார்த்தை கிடையாது.

அடிபட்ட பிறகு வலியின் நுனியில்
புதிதாய்க் காது முளைத்திருக்கிறது.
பயம் தன்பாட்டுக்குச் சிந்தும் துளி
இப்போது அதற்கும் கேட்கிறது.
கேட்டதையெல்லாம்
தனக்குத் தெரிந்த ஒரே சொல்லில் சொல்கிறது.

வலித்தால் பயம், பயந்தால் வலி,
சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் எங்கே இருக்கு டாக்டர் என்றேன்.
கழுத்தில் என்றார்.

ஊசி இறங்கியது.
இடது இமை கள் குடித்தவனுக்குப்போல் தொங்கியது.
விரல் ஒவ்வொன்றாகச் சூடு வந்தது,
வெயிலில் வைத்த செம்புக்கு வருவதுபோல.
எத்தனை நாளைக்கு?
“சிலருக்கு வாரக்கணக்கு. சிலருக்குச் சாயங்காலம் வரை.
அதுக்குள்ள கையை அசைச்சுப் பழகுங்க.”

நாகர்கோவில் பஸ், ஜன்னலோரம்.
நாங்குநேரி தாண்டியதும் காற்று வலுத்தது.
கையை வெளியே நீட்டினேன்.
காற்று. வெறும் காற்று.
“வேய், கைய உள்ள வையும்!” என்று கண்டக்டர் கத்தினார்.

வள்ளியூருக்கு முன்னால் சட்டைப்பையில் போன் அடித்தது.
நெஞ்சு திடுக்கென்றது.
கையைப் பார்த்தேன்.
அதற்குச் சேதி போகவில்லை,
இன்னும் வெளியேதான் இருந்தது.