கேமரா இறக்குதல்

காங்கேயத்துக்கு வடக்கே எந்த ஊரில்
போர்க்குழிக்குள் மோட்டார் அறுந்து விழுந்தாலும்
சென்னியப்பனுக்குத்தான் போன் வரும்.
வயரில் கட்டிய சின்னக் கேமராவை
எண்ணூறு அடி, தொள்ளாயிரம் அடி இறக்கி
திரையைப் பார்த்துச் சொல்வார்:
"இங்கதானுங் சிக்கியிருக்குது."

அவர் தொண்டைக்குள் எங்கே சிக்குகிறது என்று
ஆறு வருசம் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

குறட்டையை நான் குறை சொன்னதில்லை.
அது நிற்கும்போதுதான் எனக்கு விழிப்பு வரும்.
ஒன்று, இரண்டு, மூன்று…
ஒரு ராத்திரி முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினேன்.
தோளை உலுக்கப் போகுமுன்
மண்ணுக்குள்ளிருந்து காற்றைப் பிடுங்கியதுபோல்
ஒரு இழுப்பு.
காலையில் கேட்டால்
"நல்லாத்தான தூங்குனேன்" என்பார்,
சொல்லிக்கொண்டே டீ டம்ளரோடு கண்ணயர்வார்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
நின்ற மூச்சுக்கெல்லாம் கோடு போட்டேன்.
நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே.
சொசைட்டிக்கு ஊற்றிய பக்கத்தைவிட
அந்தப் பக்கம் சீக்கிரம் நிறைந்தது.

விஜயமங்கலம் டோல்கேட் வரிசையில்
பிக்கப் வண்டி தானாக நகர்ந்து
முன்னால் நின்ற தேங்காய் லாரியை முட்டிய அன்றைக்கு
அவரே நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

மூக்குத்தண்டு வளைவு என்றார்கள்;
கோயமுத்தூரில் நிமிர்த்தினோம்.
எடை என்றார்கள்; ஒன்பது கிலோ இறக்கினார்.
வேட்டி இடுப்பில் நிற்கவில்லை,
மூச்சு மட்டும் பழையபடி நின்றது.
அப்புறம் மெஷின்.
முகத்தில் கவசம், அதிலிருந்து குழாய்.
"ப்ளேன் ஓட்டப் போறீங்களாப்பா?" என்றாள் சின்னவள்.
அழுத்தம் எட்டிலிருந்து பதினான்குக்கு ஏறியது.
ஏற ஏற, கதவைக் காற்று அறைவதுபோல்
உள்ளே எதுவோ இன்னும் இறுக்கிச் சாத்தியது.
காற்று கசியக் கூடாதென்று மீசையை எடுத்தார்.
பங்காளி வீட்டு விசேஷத்தில்
யார் தவறிப்போனது என்று கேட்டார்கள்.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன்.
எத்தனையோ பேருக்குத் திறக்கிற சாவி அது.
இவர் பூட்டு வேறு.

ஈரோட்டு டாக்டர் சாருமதிதான்
என் நோட்டை முழுசாகப் புரட்டியவர்.
"மல்லாந்து படுக்கையிலயா, ஒருக்களிச்சா?"
அதை நான் எழுதவே இல்லை.
அடுத்த வாரம் முழுக்க எழுதினேன்: ம, ஒ, ம, ம, ஒ.
கோடுகள் எல்லாம் 'ம' பக்கம் சாய்ந்தன.

மருந்தில் தூங்கவைத்து
மூக்கு வழியாக ஒரு கேமராவை இறக்கினார்.
திரைக்குப் பக்கத்தில் என்னையும் நிற்க விட்டார்.
எண்ணூறு அடியெல்லாம் இல்லை, ஒரு சாண்.
நாக்கின் அடி பின்னால் சரிய,
அதன் கீழே இலை மாதிரி ஒரு மூடி
மூச்சை இழுக்கும்போதெல்லாம்
படக்கென்று சாத்திக்கொண்டது.
டாக்டர் தாடையை இரண்டு விரலால் முன்னே தள்ளினார்.
இலை எழுந்தது.

விழித்ததும் அவருக்கு வீடியோவைக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பேசவில்லை.
"ஃபுட் வால்வு" என்றார் கடைசியில்.
"தலகீழா மாட்டியிருக்குது."

இப்போது பல்லில் ஒரு தகடு,
கீழ்த்தாடையை ஆறு மில்லிமீட்டர் முன்னே பிடித்தபடி.
பனியன் முதுகில் நான் தைத்த பை,
அதற்குள் ஒரு டென்னிஸ் பந்து; மல்லாந்தால் உறுத்தும்.
மெஷினும் உண்டு, அழுத்தம் ஏழு போதும்.
முதல் மாதம் சந்தகையைக்கூட மெல்ல முடியாமல்
தகட்டையும் டாக்டரையும் என்னையும் திட்டினார்.
பரிசோதனைத் தாளில் அறுபத்திரண்டாக இருந்தது
ஒன்பதாகியிருக்கிறது.
ஒன்பது பூஜ்யமில்லை என்பதையும் டாக்டரே சொன்னார்.
மீசை பாதி வளர்ந்துவிட்டது.

நேற்று இரண்டு மணிக்கு விழித்தேன்.
சத்தமே இல்லை.
பயந்து, கவசத்தின் ஓரத்தில் விரலை வைத்தேன்.
வெதுவெதுப்பாக வந்தது, போனது, வந்தது.
எண்ணத் தொடங்கினேன்,
எதை எண்ணுவதென்று தெரியாமல்.

சொசைட்டி வண்டி ஹாரன் அடித்தபோது
மணி ஆறே கால்.
மடி கனத்துப்போய்
கட்டுத்தரையில் மாடு கத்திக்கொண்டிருந்தது.